தொட்டிலுக்கு மாதக் கப்பம்

அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறையில் செய்த மரத்தொட்டில் ஒன்று எங்கள் குடும்பத்தில் உண்டு. ஆச்சி தன் தலைப்பிள்ளைக்காக வாங்கியது. பெரியப்பாவும் அப்பாவும் அத்தைமாரும் உறங்கியபின், அது கல்லிடைக்குறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் பயணப்பட்டது. கடைசியாக என் அண்ணன் மகளைத் தாலாட்டியது. எந்த வீட்டில் பேறுகாலம் என்றாலும், “தொட்டில் இப்போ யார் வீட்டுல இருக்கு?” என்பதே முதல் கேள்வி. இத்தனை கைமாறியும் அதைச் செய்த தச்சர் ஒருநாளும் வந்து, “இந்தப் பிள்ளைக்குத் தனிக் கூலி” என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

அமெரிக்காவில் இன்று கேட்கிறார்கள். மகள் பேறுகாலத்துக்கென்று பாளையங்கோட்டையிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ தாய்மார் விமானம் ஏறுகிறார்கள். ஆகவே இதை யாருடைய ஊர்க்கதையோ என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

குழந்தை மருத்துவர் ஹார்வி கார்ப் உருவாக்கி, அவருடைய ‘ஹேப்பியஸ்ட் பேபி’ நிறுவனம் 2016இல் சந்தைக்குக் கொண்டுவந்த மின்தொட்டில் ‘ஸ்னூ’. குழந்தை அழுதால் தானே உணர்ந்து ஆடும்; இணையம் வழியே கைப்பேசிச் செயலிக்குக் கட்டுப்படும். 2024இல் அதன் விலை 1,695 டாலர். பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம் வரைதான் பயன்படும் என்பதால், அது உறவினருக்கோ நண்பருக்கோ கைமாறுவது இயல்பு. அந்த ஆண்டு ஜூலையில் நிறுவனம் புதிய விதியொன்றைக் கொண்டுவந்தது. ஆட்டத்தை ஒரே வேகத்தில் நிறுத்திவைத்தல், குழந்தையைத் தொட்டில் பழக்கத்திலிருந்து மெல்ல விடுவித்தல், உறக்கக் கணக்கு முதலிய வசதிகளுக்கு இனி மாதம் 19.99 டாலர் சந்தா. நிறுவனத்திடமோ அதன் முகவரிடமோ புதிதாக வாங்குவோருக்கு முதல் ஒன்பது மாதம் இலவசம்.

இந்த ஒன்பது என்ற எண்ணைச் சற்றே கவனியுங்கள் நண்பர்களே. பயன் ஆறு மாதம். சலுகை ஒன்பது மாதம். புதிதாக வாங்கியவரின் முதல் குழந்தைக்குச் சந்தா வரப்போவதே இல்லை. பின் யாருக்கு வரும்? அதே தொட்டிலில் அடுத்துப் பிறக்கும் தம்பிக்கும் தங்கைக்கும், அதைப் பழையதாக வாங்கிய ஏழைத் தகப்பனின் பிள்ளைக்கும்தான். ஆறு மாதத்துக்குக் கணக்கிட்டால் 120 டாலர். சேவைக் கட்டணம் என்ற பெயரில் கைமாறுதலுக்கு விதிக்கப்பட்ட தண்டம் இது.

அழுகைக்கு ஆடும் அடிப்படை இயக்கம் சந்தா இல்லாமலும் உண்டே என்பார்கள். உண்மைதான். ஆனால் பூட்டப்பட்ட வசதிகள் முன்பு விலைக்குள் அடங்கியிருந்தவை. வழங்கிகளைப் பராமரிக்கச் செலவாகாதா என்றும் கேட்பார்கள். ஆகும், மறுக்கவில்லை. ஆனால் முதல் குழந்தைக்கு ஆன அதே செலவுதானே இரண்டாம் குழந்தைக்கும்? செலவுதான் காரணமென்றால் இருவரிடமும் கேட்டிருக்க வேண்டும். அல்லது இருவருக்குமான செலவை விலையிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

புத்தகம் படிக்கும் நமக்கு இந்த வழக்கு புதிதன்று. ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அதன் பதிப்பகமான பாப்ஸ்-மெரில் நூலிலேயே அச்சிட்டது. மேசீஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது. ஒருமுறை விற்ற பிரதியின் மறுவிற்பனை விலையைப் பதிப்புரிமையைக் காட்டிக் கட்டுப்படுத்த முடியாது என்றது. பழைய புத்தகக் கடைகளில் தூசு தட்டிப் படித்து ஆளானவர்கள் நாம். இரண்டாம் வாசகனுக்கு மட்டும் சில அத்தியாயங்கள் ஒட்டப்பட்டிருந்தால் பொறுத்திருப்போமா?

2024 நவம்பரில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 184 இணையப் பொருட்களை ஆராய்ந்தது. மென்பொருள் ஆதரவு எத்தனை காலம் கிடைக்கும் என்ற விவரம் ஏறத்தாழ 89 சதவீதப் பொருட்களின் தயாரிப்பாளர் இணையப் பக்கங்களில் இல்லை. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ எது என்று வரையறுத்திருக்கிறது. விற்ற பொருளின் வசதியைப் பின்னர் பூட்டிக் கட்டணம் கேட்பதையும் அந்த வரையறையில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். எந்தெந்த வசதி எத்தனை காலம் இலவசம், கைமாறினால் என்ன ஆகும் என்பவை பெட்டியின் மேலேயே அச்சாக வேண்டும்.

எங்கள் தொட்டில் இப்போது சேரன்மகாதேவியில் ஒரு பரணில் கிடக்கிறது. அடுத்த பேறுகாலம் எந்த வீட்டிலோ, அந்த வீட்டுக்குப் போகும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.