ஜரிகையைச் சுரண்டிய நகம்

காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்க வருகிற அம்மாமார்களைக் கவனித்திருக்கிறீர்களா? காந்தி ரோட்டுக் கடையில் சேலையை விரித்ததும் முதல் வேலையாக முந்தானையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள். ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டுவார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் முகம் மலரும். இல்லையென்றால் சேலை மறுபடி மடிப்புக்குப் போகும். அதிலும் மனசு ஆறாதவர், கருவியில் வைத்து வெள்ளி எத்தனை, தங்கம் எத்தனை என்று காட்டச் சொல்வார். ஜரிகையில் இருக்கிற தங்கம் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. அந்தத் துளிக்குத்தான் இத்தனை விசாரணை. தப்பே இல்லை, காசு அவருடையது.

அதே அம்மாள் நாலு கடை தள்ளி நகைக்கடைக்குள் நுழைகிறார். பிள்ளைக்கு ஏழரைச் சனி, நீலக்கல் மோதிரம் வேண்டும். ஹால்மார்க் முத்திரையைப் பார்க்கிறார். 2023 ஏப்ரல் முதல் நகைக்கு ஆறு இலக்க அடையாள எண் கட்டாயம் என்பது அவருக்குத் தெரியும். செய்கூலி, சேதாரம் இரண்டுக்கும் பேரம் பேசுகிறார். ஆனால் எதற்காக அந்த மோதிரத்தை வாங்க வந்தாரோ அதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. இந்தக் கல் சனியைத் தணிக்குமா? எப்படித் தணிக்கும்? தணிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? ஜரிகையைச் சுரண்டிய நகம் இங்கே மடங்கிக்கொள்கிறது.

சோதனையே கிடையாது என்று சொன்னால் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நீலக்கல்லுக்கு ஒரு சோதனை உண்டு. மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் கல் ஆகாது, மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் இப்படித்தான் படுத்தார். கையில் இருந்த கடைசிப் பாவு நூலை நெய்து முடித்துக் கொடுக்க ராத்திரி பத்து மணி வரை தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டிருந்த மனிதருக்குக் கனவு எங்கே வரும்? அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். கல் ஒத்துக்கொண்டது என்று தீர்ப்பாகிவிட்டது. அண்ணியின் கம்மல் அடகுக்குப் போனது, மோதிரம் விரலுக்கு வந்தது.

ஆறு மாதம் ஆகியும் அடுத்த பாவு ஒழுங்காக வரவில்லை. விற்றவரிடம் போய்க் கேட்டார். கல் தோலில் படுகிற மாதிரி அடியைத் திறந்து கட்டியிருக்க வேண்டுமாம். கட்டிக்கொண்டார். அப்புறம் விரல் தப்பு என்றார்கள். அப்புறம் போட்ட கிழமை தப்பு. மூன்றாம் வருஷம் போனபோது, "கல்லுக்கு வீரியம் போயிடுச்சுங்க, புதுசா மாத்திடுங்க" என்று பதில் வந்தது. ஜரிகை கறுத்துப்போனது என்று சேலையோடு வருகிறவரிடம், நீங்கள் கட்டின கிழமை சரியில்லை என்று இந்த ஊர்ப் பட்டுக் கடைக்காரர் சொல்லிப் பார்க்கட்டுமே!

நீலக்கல் என்பதுதான் என்ன? அலுமினியம் ஆக்சைடு. தமிழில் குருந்தம், ஆங்கிலக்காரர்கள் கொரண்டம் என்பது நம்மிடம் வாங்கிய சொல்தான். சுத்தமான குருந்தத்துக்கு நிறம் கிடையாது. இரும்பும் டைட்டானியமும் துளி சேர்ந்தால் நீலம். குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, அதுதான் மாணிக்கம். இரும்பால் மஞ்சளானால் கனக புஷ்பராகம். ஆக, சனிக்குச் சொல்கிற கல், சூரியனுக்குச் சொல்கிற கல், குருவுக்குச் சொல்கிற கல் மூன்றும் ஒரே கல். சோதிடத்தில் சூரியனும் சனியும் அப்பனும் பிள்ளையும். தீராத பகை வேறு. சிட்டிகை உலோக வித்தியாசத்தில் இரண்டு பேரும் ஒரே கல்லுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று எந்த ராசிக்கல் நிபுணரும் எனக்கு விளக்கியதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிரான்சைச் சேர்ந்த வெர்னூய் என்ற வேதியியலாளர், தீச்சுடரில் உருக்கி மாணிக்கம் உண்டாக்கும் முறையை 1902-இல் அறிவித்தார். அன்றிலிருந்து அதே பொருள், அதே கடினம், அதே நிறத்தோடு உலையிலும் விளைகிறது. செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியே பிழைத்த குடும்பங்கள் நம் திருச்சிப் பக்கத்தில் ஏராளம். மண்ணில் விளைந்ததா, உலையில் விளைந்ததா என்று சொல்ல நமக்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு கல் என்று கைபேசியில் சுற்றுகிற பட்டியல் அதைவிட வேடிக்கை. 1912-இல் அமெரிக்க நகை வியாபாரிகளின் சங்கம் கூடித் தீர்மானம் போட்டு வகுத்தது அது. கிரகங்களைக் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை.

கல்லுக்கு வசதியில்லாதவர்களுக்குக் கருங்காலி மாலை. சினிமாக்காரர்கள் கழுத்தில் பார்த்ததிலிருந்து, வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வருகிற பையன்கள் கழுத்திலெல்லாம் கறுப்பு மணி. கருங்காலி நல்ல மரம், வைரம் பாய்ந்த மரம். உலக்கைக்குத் தேடிப் பிடித்து வாங்குவார்கள். அந்த உலக்கையால் காலமெல்லாம் நெல் குத்திய பாட்டி எவளும் கோடீஸ்வரி ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் இது தறிக்காரர் ஊர். எல்லோரும் தறியை நிறுத்திக் கூலி உயர்வு கேட்கும்போது பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறவனை என்ன சொல்லித் திட்டுவோம்? அந்தச் சொல்லைக் காசு கொடுத்து வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

"நம்பிக்கைதானே சார், மனசுக்கு ஒரு தெம்பு. யாருக்கு என்ன நஷ்டம்?" படித்தவர்கள்தான் இப்படி அதிகம் கேட்கிறார்கள். தாலியும் நம்பிக்கைதான், குழந்தைக்குக் கட்டுகிற அரைஞாணும் நம்பிக்கைதான். அவற்றோடு எனக்கு வழக்கில்லை. கடன் தீரும், தொழில் பெருகும் என்று சொல்லி யாரும் அவற்றை விற்கவில்லை. அழகுக்கு மாணிக்கம் போடுங்கள், நானும் கண் குளிரப் பார்க்கிறேன். நஷ்டம் யாருக்கு என்றால், முதலில் எதிர்வீட்டு அண்ணிக்கு. கம்மல் மூழ்கிப்போயிற்று.

அண்ணனுக்கு நேர்ந்தது அதைவிடப் பெரிய நஷ்டம். அந்த வீட்டில் பாவு குறைந்த காரணம் தெருவுக்கே தெரியும். வெள்ளி ஏற ஏற ஜரிகை ஏறுகிறது. விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று விற்கிறார்கள். கைத்தறி ரகங்களைக் காப்பதற்கென்று 1985-இல் வந்த ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடும் இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு சங்கத்தில் கேள்வி கேட்கலாம், கைத்தறித் துறையில் மனு கொடுக்கலாம், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கூலிக்குச் சண்டை போடலாம். சனிதான் காரணம் என்று நம்பிவிட்டவர் எந்த ஆபீஸ் படியையும் மிதிக்க மாட்டார். அண்ணன் மூன்று வருஷம் மிதிக்கவில்லை.

சட்டத்துக்கு இது தெரியாத சங்கதி இல்லை. மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரம் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டம், தாயத்தையும் மந்திரத்தையும் கவசத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பட்டியலில் உள்ள நோயைத் தீர்க்கும் என்று அவற்றை விளம்பரம் செய்தால், முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை. ஆனால் அந்தச் சட்டம் நோயோடு நின்றுவிடுகிறது. சர்க்கரை வியாதி தீரும் என்றால் குற்றம், கடன் தீரும் என்றால் வியாபாரம். 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அனுமன் சாலிசா யந்திரம் போன்றவற்றுக்கு அற்புத சக்தி உண்டு என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து விற்பது சட்டவிரோதம் என்றது. மகாராஷ்டிரத்துக்கு 2013-இல் வந்த மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் கை கொடுத்தது. 1925-இல் பெரியார் காங்கிரஸ் மாநாட்டை விட்டு வெளியேறிய ஊர் காஞ்சிபுரம், அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

சட்டம் வருகிறபோது வரட்டும். ராசிக்கல் வாங்கியே தீர வேண்டும் என்றால் வாங்குங்கள். எடை, செய்கூலி, ஜிஎஸ்டி எல்லாம் போட்டு முடித்த பிறகு, பில்லின் அடியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: இதை அணிந்தால் இத்தனை மாதத்தில் கடன் தீரும், தீராவிட்டால் பணம் வாபஸ். கடை முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டு யாராவது கொடுத்தால், எனக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.