மீன் தொட்டிக் கல்லுக்கு ஜெயிலா?

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் பக்கம் போனால் பார்க்கலாம். பாலிதீன் பையில் மீனோடு திரும்புகிறவர்கள், தொட்டிக்கு அழகாக நாலு கல்லும் வாங்கிக்கொள்கிறார்கள். மீனைப் பற்றி ஆயிரம் கேள்வி. கல்லைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது!

அதில்தான் வம்பு. வெள்ளையாக, பொத்தல் பொத்தலாக இருந்தால் அது பவளக் கல்லாக இருக்கலாம். பவளப் பூச்சிகள் கட்டிய கூடு அது. பூச்சி செத்து எத்தனை வருஷம் ஆனாலும் சட்டத்துக்கு அது வனவிலங்குதான். 2001 முதல், புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் பவளமும் இருக்கிறது. பிடிபட்டால் 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை ஜெயில். அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது.

"இது ஃபாரின் சரக்கு சார்" என்றால் விட்டுவிடுவார்களா? மாட்டார்கள். 1976-ல் இந்தியா சேர்ந்த 'சைட்டிஸ்' உடன்படிக்கைப்படி, அனுப்புகிற நாட்டு அரசின் அனுமதிச் சீட்டு கல்லோடு கூடவே வர வேண்டும்.

அதிலும் ஒரு வேடிக்கை. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்குத்தான் அந்தச் சீட்டு. எலுமிச்சம்பழம் அளவு என்றால் சீட்டு வேண்டும். புளியங்கொட்டை அளவு என்றால் வேண்டாம்! இது உடன்படிக்கைக் கணக்கு. நம் கடலில் எடுத்த துண்டுக்கு இந்தச் சலுகை செல்லாது.

சட்டம் கடுமைதான். ஆனால் அநியாயம் என்று சொல்ல முடியாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகளே கடலுக்குள் போய்விட்டன. மீதி 21 தீவுகள்.

கேள்வி வேறு. கல் விற்கிற சின்னக் கடைக்காரருக்கும், நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிற குமாஸ்தாவுக்கும் இதையெல்லாம் யார் சொன்னது? ரெய்டு வருகிற அன்றைக்குத்தான் தெரிய வேண்டுமா? எது பவளக் கல், எது சாதாக் கல் என்று படம் போட்டு, கடைக்குக் கடை தமிழில் போர்டு மாட்ட என்ன பெரிய செலவு ஆகிவிடும்? சீட்டு நம்பர் இல்லாமல் பில் போடக்கூடாது என்று வனத்துறை ஒரு உத்தரவு போடட்டுமே!

இன்னொன்று. கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு இந்தக் கல் தேவையே இல்லை. சுண்ணாம்பு கரைந்து தண்ணீர்தான் கடினமாகும். ஆற்றுக் கூழாங்கல்லைக் கழுவிப் போட்டால் போதும்.