முதற்பலகை யாருக்கு?

ஆளைத் தேர்வது ஒரு வேலை. தேர்ந்த ஆளை எங்கே நிறுத்துவது என்பது வேறொரு வேலை. வள்ளுவர் இவ்விரண்டையும் ஓர் அதிகாரத்துக்குள் அடைத்துவிடவில்லை. தெரிந்துதெளிதல் முடிந்த பிறகே தெரிந்துவினையாடலைத் தொடங்குகிறார். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கும் மாணவர்க்கு, 2024ஆம் ஆண்டு புடாபெஸ்ட் சதுரங்க ஒலிம்பியாடில் இந்திய அணி அமர்ந்த வரிசையை ஓர் உரையாகக் காட்டலாம்.

நம் நாட்டில் அணித்தேர்வைப் பற்றிய சச்சரவுக்குப் பஞ்சமில்லை. பலகை வரிசையைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. தரப்புள்ளி அதிகமுள்ளவர் மேலே, குறைந்தவர் கீழே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. யோசிக்க நிறையவே இருக்கிறது என்பது நம் கட்சி.

ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஐவர். ஒவ்வொரு சுற்றிலும் நால்வர் ஆட, ஒருவர் ஓய்ந்திருப்பார். போட்டி தொடங்குமுன் ஒன்று முதல் ஐந்து வரை வரிசை எழுதிக் கொடுத்தாக வேண்டும். பிறகு பதினொரு சுற்றுக்கும் அதை மாற்ற இயலாது. ஒருவர் ஓய்வெடுத்தால் அவருக்குக் கீழுள்ளவர்கள் ஒரு படி மேலேறுவர். புடாபெஸ்டில் சீனாவுடன் மோதிய நாளில் அன்றைய உலக சாம்பியன் திங் லிரன் ஆட வரவில்லை. இரண்டாமவரான வெய் யீ முதற்பலகைக்கு ஏறி குகேஷை எதிர்கொண்டார், தோற்றார். புள்ளி வரிசைப்படிதான் அமர வேண்டும் என்ற விதி ஒலிம்பியாடில் கிடையாது. அணித்தலைவரின் மதியூகத்துக்கென்று விடப்பட்ட ஒரே பெருவெளி அதுதான்.

2024 செப்டம்பர் பட்டியலில் இந்தியருள் முதல்வர் அர்ஜுன் எரிகைசி, 2778 புள்ளி. அடுத்து குகேஷ் 2764, பிரக்ஞானந்தா 2750. அணித்தலைவர் ஸ்ரீநாத் நாராயணன் கொடுத்த வரிசையில் குகேஷ் முதற்பலகை, பிரக்ஞானந்தா இரண்டு, அர்ஜுன் மூன்று, விதித் குஜராத்தி நான்கு, ஹரிகிருஷ்ணா ஐந்து. நாட்டிலேயே அதிகப் புள்ளி பெற்றவர் மூன்றாம் இடத்தில்!

இதன் கணக்கு எளியது. ஒரு சுற்றில் நான்கு ஆட்டங்கள். இரண்டரை எடுத்தால் வெற்றி, வெற்றிக்கு இரண்டு அணிப்புள்ளி. நான்குக்கு நான்கு எடுத்தாலும் அதே இரண்டுதான். ஆகவே மூன்று ஆட்டங்கள் சமனாகி ஒன்று வென்றால் போதும். முதற்பலகையில் எதிரே உட்காருபவர் பெரும்பாலும் அந்நாட்டின் தலைசிறந்தவர்; அங்கே வெற்றியை எளிதில் பறிக்க முடியாது. பல நாடுகளில் மூன்றாம் பலகைக்கு வருமுன்னரே பலம் சரிந்துவிடும். இரு நிறக் காய்களிலும் வெற்றிக்கே ஆடும் ஒருவரை அங்கே நிறுத்தினால் அந்த ஒரு வெற்றி பல சுற்றுகளில் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுண்டு: மேலே இருப்பவர் உடையாமல் தாங்க வேண்டும். 2022இல் மாமல்லபுரத்தில், பதினாறு வயதில், இந்திய இரண்டாம் அணியின் முதற்பலகையில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று காட்டியவர் குகேஷ். அவர் தாங்குவாரா என்ற ஐயம் எவருக்கும் இருந்திருக்க முடியாது.

விளைவை அறிவோம். குகேஷ் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளி, அர்ஜுன் பதினொன்றில் பத்து. இருவருக்கும் தனிநபர் தங்கம். அணிக்கு இருபத்திரண்டில் இருபத்தொரு புள்ளி, முதல் தங்கம். பத்தாம் சுற்றில் அமெரிக்காவுக்கு எதிராக பிரக்ஞானந்தா வெஸ்லி சோவிடம் தோற்றார், விதித் அரோனியனுடன் சமன் செய்தார். குகேஷ் கருவானாவையும் அர்ஜுன் டொமிங்கெஸையும் வென்றதால் இரண்டரைக்கு ஒன்றரை. அந்த வரிசையின் நியாயம் முழுவதும் அந்த ஒரு மாலையில் இருக்கிறது.

வெற்றி வந்துவிட்டதால் வரிசை சரி என்று வாதிடுவது சோம்பேறித்தனம். தோற்றிருந்தாலும் அந்த வரிசையை நாம் ஆதரித்திருப்போம். நம்மை உறுத்துவது வேறொன்று. மூன்றாம் பலகையில் அமர்ந்தவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதைக் கொண்டாட்டத்துக்கு நடுவே எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? முதற்பலகை என்பது ஒரு நாற்காலி மட்டுமன்று. உலகின் முதல்வர்களோடு மோதும் வாய்ப்பும், அவர்களை வென்றால் ஏறும் புள்ளியும், மறுநாள் நாளேட்டில் வரும் படமும் அங்கேதான். கீழ்ப்பலகையில் குறைந்த புள்ளியுடையவரை வென்றால் ஏற்றம் சொற்பம். சறுக்கினால் இறக்கம் பெரிது.

நம் புறத்திணை மரபு இந்த இடத்தில் நுட்பமானது. படையின் முன்னணியைத் தூசி என்றும் பின்னணியைக் கூழை என்றும் பிரித்தவர்கள், பெருமையை முன்னணிக்கு மட்டும் எழுதிவைத்துவிடவில்லை. புறப்பொருள் வெண்பாமாலையின் தும்பைப் படலத்தில், எதிரியின் முன்னணியைத் தனியொருவனாகத் தடுப்பவனுக்குத் தார்நிலை என்றொரு துறை. தன் படை முதுகிட்டபோது பின்னே நின்று பகையைத் தாங்குபவனுக்கு எருமை மறம் என்றொரு துறை. இருவருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிப் பாட்டு. நம் விளையாட்டுச் செய்தியாளர்க்குக் கூழையைப் பாட ஒரு துறை இன்னும் கிடைக்கவில்லை.

இந்தத் தன்மானச் சிக்கல் பழையது. 1970இல் பெல்கிரேடில் சோவியத் ஒன்றியமும் உலகின் ஏனைய நாடுகளும் பத்துப் பலகைகளில் மோதின. உலக அணிக்குத் தலைவர் மாக்ஸ் ஆய்வே. முதற்பலகை பாபி ஃபிஷருக்கு என்றே எல்லாரும் நினைத்திருந்தனர். டென்மார்க்கின் பென்ட் லார்சன், அண்மைக்காலப் போட்டிகளில் தாமே அதிகம் சாதித்திருப்பதால் இடம் தமக்கே உரியது என்றார். கோபத்துக்குப் பெயர்போன ஃபிஷர் அன்று விட்டுக்கொடுத்தார்! இரண்டாம் பலகையில் பெத்ரோஸ்யானை மூன்றுக்கு ஒன்று என வீழ்த்தினார். லார்சனோ இரண்டாம் ஆட்டத்தில் ஸ்பாஸ்கியிடம் பதினேழே நகர்த்தலில் சுருண்டார். ஆயினும் அவர் பலகையின் மொத்தக் கணக்கு உலக அணிக்கே சாதகமாக முடிந்தது.

அந்தப் போட்டியில் உலக அணி முதல் நான்கு பலகைகளையும் வென்றது. ஆனால் இருபதரைக்குப் பத்தொன்பதரை என்ற கணக்கில் வென்றவர்கள் சோவியத்தினர். காரணம் கீழே இருந்தது. எட்டாம் பலகையில் போட்வின்னிக், ஒன்பதில் தால், பத்தில் கெரஸ். இரண்டு முன்னாள் உலக சாம்பியன்களும், சாம்பியனாகாமலே பெரும்புகழ் பெற்ற ஒருவரும் கூழையில் நின்றனர். மேலே யார் அமர்வது என்று உலக அணி மல்லுக்கட்டியது. கீழே யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதில் ஆட்டம் முடிந்தது.

புள்ளியை விட்டுவிட்டுப் பட்டத்தைப் பார்க்கலாமே என்பார்க்கும் ஒரு பழைய செய்தி உண்டு. 1952இல் சோவியத் ஒன்றியம் முதன்முதலாக ஒலிம்பியாடுக்குச் சென்றபோது, நடப்பு உலக சாம்பியன் போட்வின்னிக் அணியிலேயே இல்லை. அவருடைய அப்போதைய ஆட்டத்தில் சக ஆட்டக்காரர்களுக்கு நம்பிக்கை இல்லை. ஹெல்சிங்கியில் முதற்பலகை கெரஸுக்குப் போயிற்று. அவர் பன்னிரண்டில் ஆறரைதான் எடுத்தார், தங்கம் சோவியத்துக்கே. இரண்டாண்டு கழித்து ஆம்ஸ்டர்டாமில் போட்வின்னிக் முதற்பலகைக்குத் திரும்பினார்.

புள்ளி வரிசையை விட்டால் வேண்டியவர் வேண்டாதவர் என்ற அரசியல் நுழைந்துவிடாதா? நுழையும். இந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். இன்னொரு கேடும் உண்டு: வலிமை குறைந்தவரை முதற்பலகையில் பலியாடாக நிறுத்தி, மற்ற மூன்றிலும் வென்றுகொள்வது. இதைத் தடுக்கவே சில நாட்டு லீக் போட்டிகளில் புள்ளி வரிசையிலிருந்து குறிப்பிட்ட அளவுக்குமேல் விலகக் கூடாதென்ற விதி வைத்திருக்கிறார்கள். கல்லூரி, மாவட்ட அளவிலான போட்டிகளுக்கு அப்படியொரு விதி தேவை என்றே நாமும் நினைக்கிறோம். அங்கே பலியாகிறவர் பதினெட்டு வயதுப் பிள்ளை. மறுத்துப் பேச அவருக்கு வாய் இருக்காது. தேசிய அணியின் நிலை வேறு. அங்கே ஐவரும் கிராண்ட்மாஸ்டர்கள், ஐவருக்கும் குரல் உண்டு.

ஆகவே நாம் கேட்பது இரண்டுதான். வரிசையை எழுதும் உரிமை அணித்தலைவர் ஒருவருக்கே இருக்கட்டும். கூட்டமைப்பின் குழுவுக்கும் வேண்டாம், புள்ளிப் பட்டியலுக்கும் வேண்டாம். பதினொரு சுற்றும் அவர்களோடு இருந்து தோல்விக்குப் பதில் சொல்லப் போகிறவர் அவரே. மற்றது, வரிசையைக் கொடுக்குமுன் கீழே இறக்கப்படுகிறவரிடம் தலைவர் நேரில் அமர்ந்து காரணத்தைச் சொல்ல வேண்டும். பட்டியலை நோட்டீஸ் பலகையில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. அவர் மறுத்தால்? மறுப்பைக் கேட்டு, எடைபோட்டு, பிறகும் தலைவர் முடிவெடுக்கலாம். கேட்காமல் எடுப்பதுதான் அவமதிப்பு.

இந்தியாவுக்கு இக்கேள்வி முன்னைவிடக் கடுமையாகியிருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனானார். 2025இல் அவர் புள்ளி இறங்கியது. அவ்வாண்டின் நடுவில் பிரக்ஞானந்தா அவரை முந்தினார். பட்டம் ஒருவரிடம், புள்ளி வேறொருவரிடம் என்னும்போது, புடாபெஸ்ட் வரிசையையே படியெடுப்பதும் தவறு, பட்டியலைப் பார்த்து எழுதுவதும் தவறு. சாம்பியன் முதற்பலகையில்தான் அமர வேண்டும் என்ற கட்டாயம் நம்மிடம் இல்லை. ஆனால் அவர் இரண்டாம் பலகையில் அமரும் நாளில் நம் நாளேடுகள் என்ன எழுதும்? ‘உலக சாம்பியனுக்கு இறக்கம்’ என்று எட்டுப் பத்தித் தலைப்பு வரும். அந்தத் தலைப்புக்கு அஞ்சியே ஒரு தலைவர் தமக்குச் சரியென்று பட்ட வரிசையை மாற்றி எழுதிவிடக்கூடும்.