கழுவிவிட்டேனே அந்தப் பாட்டிலை!

பெற்ற வயிறு எரிகிறது. போய்க் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வள்ளூர். வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராப்பகலாக ஓடும். அந்தச் சாலையோரப் பெட்டிக்கடையில்தான், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் எட்டு வயது மகன் பத்து ரூபாய்க்கு ஆரஞ்சு ஜூஸ் வாங்கினான். வெயிலில் வாடி வந்த பிள்ளை கேட்டான், காசு கொடுத்தேன். கொடுத்த கை இது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். முதலில் வாந்தி, அப்புறம் பேதி. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் நிற்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கண் செருகியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறி, பிள்ளை பிழைத்து வந்தான். தெய்வம் கண் திறந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஓடுவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். தரையைத் துடைத்தேன், துணியை அலசினேன். மூலையில் கால் பாகம் ஜூஸோடு கிடந்த பாட்டிலை முகர்ந்தேன். புளித்த நாற்றம் குப்பென்று அடித்தது. "சீ" என்று சாக்கடையில் கொட்டினேன். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். எங்கள் வீட்டில் பாட்டிலைத் தூக்கிப் போட மாட்டோம். வீட்டுக்காரர் வேலைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆகும்.

எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தேன். அதையே எல்லோரும் என் குற்றமாக ஆக்கிவிட்டார்கள்.

கடைக்காரரிடம் போனேன். "இன்னாம்மா, பத்து ரூபா ஜூஸுக்குப் பில்லா? நான் செஞ்சா விக்கிறேன்? கம்பெனிய கேளு" என்றார். அவர் கடை வாசலில் பாட்டில்கள் வெயிலிலேயே அடுக்கியிருந்தன. மூடி மேல் சாம்பல் படிந்திருந்தது. பாட்டிலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "மிச்ச ஜூஸைக் குடுங்க, டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றோம்" என்றது ஒரு குரல். மிச்சம் எங்கே? சாக்கடையில். தேதியாவது படிக்கலாம் என்று பார்த்தால், புள்ளிப் புள்ளியாக அடித்த மை என் சோப்பிலேயே பாதி கரைந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வாந்தி, பேதி' என்று மட்டும் இருந்தது. என்ன குடித்தான் என்ற சொல்லே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் சட்டம் படிக்கிறாள். அவள் உட்கார்ந்து எடுத்துச் சொல்லச் சொல்ல என் ஆத்திரம் கூடியது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பரிசோதிக்க வைக்கலாம், அறிக்கையும் பெறலாம் என்று இருக்கிறதாம். ஆனால் வாங்கும்போதே, "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டுமாம்! தாகத்துக்கு ஜூஸ் வாங்கும் எட்டு வயதுப் பிள்ளை அப்படிச் சொல்லுமா? இதை எழுதியவர்கள் வீட்டில் பிள்ளைகளே இல்லையா?

அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு, கெட்ட உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம், படுகாயம் என்றால் 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை இழப்பீடு என்கிறது. எல்லாம் நிரூபித்தால்தான். நிரூபிக்க வேண்டியவள், பிள்ளையின் வாந்தியைக் கையில் ஏந்தி நின்றவள்.

2021 ஆகஸ்டில் சென்னை பெசன்ட் நகரில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, கடையில் வாங்கிய குளிர்பானம் குடித்த சற்று நேரத்தில் இறந்துபோனாள். அந்தப் பானம் தயாரான ஆலை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில், சோழவரம் பக்கம் ஆத்தந்தாங்கலில் இருந்தது. அதிகாரிகள் விரைந்து போய் ஆலைக்குச் சீல் வைத்தார்கள். அந்த வேகம் ஒரு பிள்ளை செத்தால்தான் வருமா? பிழைத்த பிள்ளைக்கு வராதா?

சட்டம் படிக்கும் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒருத்தி இஞ்சி பீர் குடித்தாள். பாட்டிலில் அழுகிய நத்தை கிடந்தது, அதனால் நோயில் விழுந்தேன் என்று வழக்குப் போட்டாள். காசு கொடுத்தது அவள் அல்ல, தோழி. ஆனாலும் 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: குடிக்கப்போகிறவரிடம் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு. நம் 2019 நுகர்வோர் சட்டமும் வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்தியவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. என் பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது. வழக்குப் போட வக்கீல் வேண்டாம், 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் வேண்டாம், இரண்டு வருடம் அவகாசம். ஆன்லைனிலும் போடலாம். நேரில் போவதென்றால் திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்துக்கு. அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் மாற வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. போனாலும் கையில் என்ன கொண்டுபோவேன், கழுவிய பாட்டிலையா?

தாய்மார்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது உதவட்டும். முதலில் பிள்ளையைப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், கண் செருகினாலோ சிறுநீர் நின்றாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆனால் பாட்டிலைக் கொட்டாதீர்கள், கழுவாதீர்கள். மூடியை இறுக்கி, கவரில் கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். தேதி, பேட்ச் நம்பர், 14 இலக்க உரிம எண் மூன்றையும் போனில் படம் பிடியுங்கள். என்ன குடித்தான், எத்தனை மணிக்கு என்று டாக்டரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915.

அதிகாரத்தில் இருப்பவர்களே, உங்களிடமும் கேட்கிறேன். புகார் வந்த அன்றே அதே கடையில், அதே பேட்ச் பாட்டிலை எடுத்துச் சோதியுங்கள். என் வீட்டு மிச்சம் போனால் என்ன, கடையில் அடுக்கியிருந்ததே! உணவு நஞ்சானால் டாக்டர்கள் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருகிறது. எங்கள் பகுதிக்கு அதைப் போடுங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற அந்த வரியை அடித்துப் போடுங்கள்.

கழுவிய பாட்டில் இன்னும் என் சமையலறை மேடையில்தான் கவிழ்ந்து கிடக்கிறது. அதில் தண்ணீர் பிடிக்க மனசு வரவில்லை. நேற்று சாயங்காலம் அந்தக் கடையைத் தாண்டி வந்தேன். அதே ஆரஞ்சு நிறப் பாட்டில்கள், அதே வெயில், அதே சாம்பல். பள்ளிக்கூடப் பையோடு மூன்று பிள்ளைகள் கையில் பத்து ரூபாயை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.