மாப்பிள்ளை படிக்கிறார், மனைவிக்கு விசா உண்டா?

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் பக்கம் கல்யாணப் பேச்சு என்றால் முதலில் ஜாதகம், பிறகு நகை, பிறகு மண்டபம். மாப்பிள்ளை வெளிநாட்டில் படிப்பவர் என்றால் கூடவே ஒரு வாக்குறுதியும் வரும். "விசா தானே, கல்யாணம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்." அதை நம்பிப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விடுகிறாள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்!

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில் சேருவோர் மனைவியையோ கணவனையோ அழைத்துப் போக முடியாது. பி.எச்.டி., ஆராய்ச்சி வகை முதுகலை, அரசு உதவித்தொகையில் படிப்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே விலக்கு. நம் பிள்ளைகளில் பலர் சேரும் ஒரு வருட எம்.எஸ்ஸி.க்கு அது கிடையாது. படிப்பு முடித்து பட்டதாரி விசா வாங்கினாலும், மாணவராக இருந்தபோதே உடன் வராத மனைவி அப்போது புதிதாகச் சேர முடியாது. தகுதியான வேலை விசா கிடைக்கும்வரை காத்திருப்பு நீளும்.

அனுமதி உள்ளவர்களுக்கும் செலவு சும்மா இல்லை. லண்டனுக்கு வெளியே என்றால் மனைவிக்காக மாதம் 680 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 6,120 பவுண்டு, வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும்.

கனடாவும் 2025 ஜனவரி 21 முதல் இறுக்கிவிட்டது. 16 மாதமோ அதற்கு மேலோ உள்ள முதுகலை, முனைவர் பட்டம், சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றைப் படிப்பவரின் துணைக்குத்தான் திறந்த வேலை அனுமதி. அமெரிக்காவில் மாணவரின் மனைவிக்கு எஃப்-2 விசா உண்டு. ஆனால் வேலை பார்க்கக் கூடாது. முழுநேரப் பட்டப்படிப்பும் கூடாது.

"சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் புருஷனை அனுப்பிவிட்டு நாங்கள் காத்திருக்கவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு முதலிலேயே தெரியும். இன்றைய பெண்ணிடம் "போகப்போகிறாய்" என்று சொல்லிவிட்டுக் காக்க வைக்கிறார்கள். வருடம் இரண்டு ஓடினால் "இன்னும் போகலையா?" என்ற ஊர்க் கேள்விக்குப் பதில் சொல்வதும் அவள்தான்.

எனவே ஜாதகம் பார்க்கும்போதே மாப்பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தையும் பாருங்கள். என்ன படிப்பு, எப்போது தொடக்கம், துணைக்கு அனுமதி உண்டா என்று அந்த நாட்டு அரசின் இணையதளத்திலேயே சரிபாருங்கள். ஏஜென்ட் சொல்வது போதாது. இல்லை என்று தெரிந்தால் படிப்பு முடியும்வரை கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம். இல்லையா, கல்யாணத்தை முடித்து, தமிழ்நாடு 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிட்டு, அவள் தன் வேலையையும் படிப்பையும் இங்கேயே தொடரலாம்.

விசா விதி வருடத்துக்கு வருடம் மாறும். விட்டுப்போன வேலை திரும்பக் கிடைப்பது அத்தனை சுலபமில்லை. விசா முத்திரை கைக்கு வரும்வரை எந்தப் பெண்ணும் ராஜினாமா கடிதம் எழுத வேண்டியதில்லை!