ஊது... ஊது... ஊதிக்கிட்டே இரு!

"வேலைக்கு வர்றவன் எல்லாரையும் போதைப் பரிசோதனை பண்ணித்தான் உள்ள விடணும். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" - இந்த வசனத்தை அடிக்கடி கேட்க வேண்டியிருக்கு மக்களே. கேட்க நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பிரிச்சு மேய்வோமா?

முதல்லயே சொல்லிடறேன். ஆரப்பாளையத்துல பஸ் ஏறி விளாங்குடில இறங்கற ஆளு நான். ஓட்டுற அண்ணன் தண்ணியப் போட்டுட்டு ஓட்டக் கூடாதுங்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 185-வது பிரிவு சொல்லுது. தாராளமா ஊதச் சொல்லுங்க. என் சண்டை அதுக்கப்புறம் நடக்கறதைப் பத்தி.

2025 பிப்ரவரில தெற்கு ரயில்வேயோட திருவனந்தபுரம் கோட்டம் ஒரு உத்தரவு போட்டுச்சு. ரயில் ஓட்டுநர்கள் டூட்டிக்கு முன்னாடி இளநீர், குளிர்பானம், சில பழங்கள், இருமல் மருந்து, ஹோமியோபதி மருந்து எதையும் தொடக் கூடாதாம்! ஏன்னா ஊதினா மெஷின் 'ஆல்கஹால்'னு காட்டுது, ரத்தத்துல பார்த்தா ஒண்ணும் இல்லை. மெஷினை மாத்துறதை விட்டுட்டு மனுசனை மாத்தப் பார்த்தாங்க. ஊரே சிரிச்சதும் சில நாள்லயே வாபஸ். அதே வருசம் ஜூலைல பந்தளம் கேரள அரசு பஸ் டிப்போல பலாப்பழம் தின்ன ஊழியர்கள் ஊதி மாட்டிக்கிட்டாங்க. தப்பு செய்யாதவனுக்கு என்ன பயமா? இதான் சாமி பயம்!

ஊதறதாவது 'இப்ப' போதைல இருக்கானான்னு பார்க்குது. சிறுநீர்ச் சோதனை கதையே வேற. கஞ்சாவோட தடயம் போதை தெளிஞ்சு பல நாள் கழிச்சும் காட்டும். விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் 2022 ஜனவரி 31 முதல் இந்தச் சோதனை இருக்கு. பட்டியல்ல பென்சோடயசெபின் வகையும் உண்டு. தூக்கம் வராதவங்களுக்கும் பதற்றம் உள்ளவங்களுக்கும் டாக்டரே எழுதித் தர்ற மாத்திரைங்க அது. அத்தனை உயிர் கைல இருக்கற வேலை, சரி, ஏத்துக்கறேன். அதையே கம்ப்யூட்டர் முன்னாடி ஆணி புடுங்கறவனுக்கும் கொண்டாந்தா? நான் என்ன மாத்திரை போடறேன்னு எச்.ஆர்.க்கு எதுக்குத் தெரியணும்? அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்குல சொன்னாங்களே, அது அரசாங்கத்துக்கு மட்டும் சொன்ன புத்திமதியா என்ன?

இன்னொண்ணு. 2024 ஜூன்ல தெற்கு ரயில்வே ஓட்டுநர்கள் போராடினாங்க, ஞாபகம் இருக்கா? வாரத்துக்கு 46 மணி நேரம் ஓய்வு கொடுங்க, தொடர்ந்து ராத்திரி டூட்டி போடாதீங்கன்னு கேட்டாங்க. தூக்கம் இல்லாம கண்ணு சொக்கி ஓட்டுறதும் ஆபத்துதான். அதுக்கு எந்த முதலாளியாவது மெஷின் வாங்கறாரா? வாங்க மாட்டார். குடிச்சிருந்தா குத்தம் தொழிலாளி மேல, தூங்கலைன்னா குத்தம் டூட்டி போட்டவன் மேல வந்துடுமே!

நம்ம ஊர்ல இன்னும் விசேஷம். 2003-லேர்ந்து சாராயச் சில்லறை வியாபாரம் பண்றதும் அரசாங்கம், ரோட்டுல நிறுத்தி ஊதச் சொல்றதும் அரசாங்கம் :-)

நான் கேக்கறது மூணே மூணு:

1. உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டும் சோதனை. அதுவும் மேலதிகாரிலேர்ந்து ஆரம்பிக்கட்டும்.
2. மெஷின் சொன்னா மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனைல உறுதியாகற வரைக்கும் நடவடிக்கை கூடாது.
3. நிஜமாவே மாட்டினவனுக்கு முதல் தடவை வைத்தியம், அப்புறம் தண்டனை.

இதுல எது தப்புன்னு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்"னு மட்டும் திரும்ப ஆரம்பிச்சீங்க... அழுதுருவேன்.

டிஸ்கி: இந்தப் பதிவு எழுதும்போது பலாச்சுளை எதுவும் சாப்பிடப்படவில்லை.