‘என்ன இப்படி வத்திட்டே?’ என்று கேட்காதீர்கள்!

கல்யாண வீடுகளில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன வருஷம் அவள் 110 கிலோ. அப்போது முதுகுக்குப் பின்னால் சிரித்த அதே வாய்கள், இப்போது முகத்துக்கு நேரே கேட்கின்றன: “என்னடி, ஆபரேஷன் பண்ணி இப்படி வத்திட்டே? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே! வேற ஏதாவது வியாதியா?” கேட்டுக்கொண்டே இலையில் இன்னொரு ஜாங்கிரி. “எனக்காக, ஒண்ணே ஒண்ணு!”

தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவரின் உடம்பு, ஏறக்குறைய ஒன்றரை வருஷம் மாறிக்கொண்டே இருக்கும். இது தெரியாத வீட்டில், இயல்பாக நடப்பது கோளாறாகத் தெரிகிறது. நிஜமான கோளாறோ, “சரியாப் போயிடும்” என்று விடப்படுகிறது. எனக்குப் பயமே அங்கேதான்.

‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் ஹார்மோன் அந்தப் பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. அதனால் பசியே மந்தமாகிவிடும். ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அவர்கள் ஜாங்கிரி சாப்பிட்டால் சர்க்கரை வேகமாகக் குடலுக்கு ஓடும். சற்று நேரத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிசைவு... உங்கள் உபசாரம் அவளுக்குத் தண்டனை!

மூன்றாம் மாத வாக்கில் முடி கொட்டும். சீப்பு நிறைய வரும். வீடே கலங்கிவிடும். பிரசவத்துக்குப் பிறகு கொட்டுகிறதே, அதே ரகம்தான். சில மாசம் கொட்டிவிட்டு மறுபடி முளைக்கும். எண்ணெயை மாற்றிப் பயனில்லை, சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். இட்லியும் ரசம் சாதமும் மட்டும் போட்டால் எங்கிருந்து வரும்? சைவ வீடு என்றால் பருப்பு, பனீர், சோயா, டாக்டர் சொல்லும் புரத மாவு. தட்டில் முதலில் இதுதான். சாதம் அப்புறம்.

மோதிரம் கழன்று விழும். ஜாக்கெட்டை மாசா மாசம் பிடித்துத் தைக்க வேண்டிவரும். எல்லோரும் ஃபேன் கேட்கும்போது அவளுக்குக் குளிரும். கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கும். அது தைலத்துக்கோ மசாஜுக்கோ சுருங்காது. மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகாமல் துடைத்து உலர வைத்தால் போதும். எடை ஓரிடத்தில் நிலைத்த பிறகு, தேவையென்றால் தோலை அகற்ற வழியிருக்கிறது. நடுவில் சில வாரம் எடைமுள் அசையாமல் நிற்கும். அப்போது “பணம் தண்டமா?” என்று கேட்டு அவளை அழவைக்காதீர்கள்.

அலட்சியம் செய்யக் கூடாதது எது தெரியுமா? விடாத வாந்தி. “கேஸ்” என்று சோடா வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். வாந்தி நீடித்தால் பி1 வைட்டமின் தீர்ந்து, மூளையும் நரம்பும் கெடலாம். உடனே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். கால் மரத்துப் போனாலும் அப்படியே, பி12 குறைந்திருக்கலாம். “எடைதான் குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று கேட்கும் கணவர்களுக்கு: வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசு முழுக்க. சர்க்கரை வியாதி மாத்திரை மட்டும் குறையலாம். அதை முடிவு செய்வது டாக்டர், நீங்கள் அல்ல.

மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறையும்போது, பல வருஷமாகத் தாறுமாறாக வந்த மாதவிலக்கு பலருக்கு ஒழுங்காகும். கரு தரிக்கும் வாய்ப்பும் கூடும். “நல்லதாப் போச்சு, சீக்கிரம் ஒரு பேரன்!” என்று நெருக்காதீர்கள். 12 முதல் 18 மாசம் பொறுக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். அவள் உடம்பே சத்துக்குத் திண்டாடும் நேரத்தில் குழந்தைக்கு எதைக் கொடுப்பாள்? பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம். வேறு முறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த கல்யாணத்தில் அவளைப் பார்த்தால், “என்ன வைக்கட்டும்?” என்று அவளையே கேளுங்கள். அரைக் கரண்டி கூட்டு போதும் என்றால், அரைக் கரண்டிதான்.